சிக்னல் இல்லாத டிவிசனிலும் ஈ-ரீடர்: மலையக வாசகருக்கு ஒரு தொடக்க விளக்கம்

மலையகத்தில் ஈ-ரீடர், அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கையடக்கக் கருவி, பற்றிப் பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற கேள்வி, "எங்க தோட்டத்து டிவிசன்ல சிக்னலே இல்லையே, அத வச்சு என்ன செய்றது?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. நெட் இல்லாவிட்டால் போனில் பாதி வேலை நின்றுபோகிறது; வைஃபையில் புத்தகம் இறங்கும் கருவிக்கும் அதே கதிதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஈ-ரீடருக்கு வைஃபை தேவைப்படுவது புத்தகம் உள்ளே வந்து சேரும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும். வந்த புத்தகம் கருவியிலேயே இருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு மாதக்கணக்கில் படிக்கலாம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். சாமான் வாங்க ஹட்டன் டவுனுக்கு இறங்கும்போது, பஸ் புறப்படக் காத்திருக்கும் நேரத்தில் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு நாலைந்து புத்தகங்களை இறக்கிக்கொள்வார். அடுத்த முறை டவுனுக்கு வரும்வரை அவருக்கு அது போதும். நம் பக்கத்தில் இந்தக் கருவியைப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்னலைவிடப் பெரிய கேள்வி வேறொன்று இருக்கிறது. நீங்கள் படிக்க விரும்பும் தமிழ்ப் புத்தகம் எந்த வடிவத்தில் கிடைக்கிறது? இதைப் பார்க்காமல் முதலில் கருவியை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்குப் புத்தகம் தேடுகிறவர்கள்தான் இரண்டாம் மாதமே அதை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்துக்கு வருகிறேன்.

திரைக்குள் என்ன இருக்கிறது

போன், டெப் எல்லாம் கண்ணை நோக்கி ஒளியை வீசுகின்றன. ஈ-ரீடரின் திரை தாளைப் போல, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மின்மை என்று சொல்லப்படும் இந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதைச் சந்தைக்குக் கொண்டுவர ஈ இங்க் என்ற நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டது. திரைக்குள் தலைமுடியின் தடிப்பளவே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவம். அதில் நேர்மின்னேற்றம் உள்ள வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னேற்றம் உள்ள கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலத்தைக் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே கறுப்பு வந்த இடமெல்லாம் சேர்ந்து எழுத்தாகத் தெரிகிறது.

வந்த துகள் மேலேயே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் செலவாகும். வெயிலில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிவதும், பெட்டரி வாரக்கணக்கில் நிற்பதும் இதனால்தான். சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுதும் கறுத்து வெளுக்கும். புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று பயந்துவிடுவார்கள். முந்திய பக்கத்தின் நிழலைத் துடைக்கவே அப்படிச் செய்கிறது, கவலைப்பட வேண்டாம்.

பெட்டரி விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் கணக்குப் பார்த்து நம்புங்கள். "ஆறு வாரம்" என்று போட்டிருந்தால், கீழே சின்ன எழுத்தில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்த நிலையில் என்று இருக்கும். 42 நாள், நாளுக்கு அரை மணி, மொத்தம் 21 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு அது பத்து நாள். பத்து நாள் என்றாலும் நமக்கு அது பெரிய விசயம். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று பிடித்தால் நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கமும், மார்கழி தையில் வடகீழ் மழையில் பதுளை, பண்டாரவளைப் பக்கமும் மரம் விழுந்து கரண்ட் போவது புதிதில்லையே. போனை அழைப்புக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்த இரவுகளில் ஈ-ரீடர் உண்மையிலேயே கைகொடுக்கும்.

எதைப் படிக்கப் போகிறீர்கள்?

மின்னூல்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் கிடைக்கின்றன: ஈபப், பிடிஎஃப். ஈபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்கு ஏற்பப் பொருந்திக்கொள்ளும். பிடிஎஃப் அப்படியில்லை, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய படம் மாதிரி. பக்கம் எந்த அளவில் செய்யப்பட்டதோ அதே அமைப்பில்தான் நிற்கும்.

இதை ஒரு கணக்கில் பார்த்தால் விளங்கும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீற்றர். ஆறு அங்குல ஈ-ரீடர் திரையின் அகலம் ஏறக்குறைய 9 சென்டிமீற்றர். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் எல்லாம் பாதிக்கும் கீழாகச் சுருங்கும். 12 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் பொயின்ட்) அளவில் அச்சிட்ட எழுத்து 5 புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்துகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். கருவியைக் கிடையாகத் திருப்பினால் 7 புள்ளி வரை வரும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தடவையாகக் கீழே தள்ளிப் படிக்கலாம், ஆனால் 300 பக்கம் அப்படிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களுக்கு மிகப் பெரிய இணையக் களஞ்சியம் நூலகம் நிறுவனத்தினுடையது. 2005-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. மலையகத்தைப் பற்றிய பழைய நூல்கள், கடையில் கேட்டால் கிடைக்காதவை, அங்கே இருக்கின்றன. அதன் அருமையைச் சொல்லி முடியாது. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். சிறிய அளவில் அச்சான கதைப் புத்தகமோ கவிதைத் தொகுப்போ என்றால் ஆறேழு அங்குலத் திரையிலும் ஓரளவு படிக்கலாம். பெரிய பக்கச் சஞ்சிகையும் பத்திரிகையும் அதில் சரிவராது.

பாடப்புத்தகத்தின் நிலையும் இதுதான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் புத்தகங்கள் தமிழில் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. நிறப் படங்களும் பெரிய பக்கமும் கொண்டவை. பிள்ளை சாதாரண தரமோ உயர்தரமோ படிக்கிறது, பாடப்புத்தகத்துக்கும் கடந்தகால வினாத்தாளுக்கும்தான் கருவி வேண்டும் என்றால், ஆறு அங்குல ஈ-ரீடர் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு சாதாரண டெப் வாங்கிக் கொடுங்கள். இதில் எனக்கு இரண்டு மனது இல்லை. பத்து அங்குல ஈ-ரீடர்களும் இருக்கின்றன, விலைதான் எட்டாது.

கதை, கட்டுரை, இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஈ-ரீடர் மிகவும் பொருத்தம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியான தமிழ் நூல்களை ஈபப்பாக இறக்கலாம்; ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாகச் செய்த பிடிஎஃப்பும் அங்கே உண்டு. தமிழ் விக்கிமூலத்தில் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய இருக்கின்றன, ஈபப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். பழந்தமிழ் இலக்கியம் வேண்டுமென்றால் 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். விலைக்கு வாங்கும் தமிழ் மின்னூல்களில் அமேசான் நிறுவனத்தின் ஈ-ரீடரான கிண்டிலுக்குரிய கடைதான் பெரியது. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் அவர்கள் மின்னூல் விற்கத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பாடசாலை மலர், சங்க அறிக்கை, நண்பர் எழுதிய கதை என்று வேர்ட் கோப்பில் வருபவற்றில் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டவை. அதை ஈ-ரீடரில் ஏற்றினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஒன்றும் புரியாமல் தெரியும். கருவியில் பிழையில்லை. பாமினியை, எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றி, ஒருமுறை கண்ணோட்டம் விட்டு, பிறகு ஏற்றுங்கள்.

வாங்கும்போது

முதலில் காசு. 2024-இல் வெளியானபோது அடிப்படைக் கிண்டிலின் அமெரிக்க விலை 110 டொலர், அதைவிட உயர்ந்த கிண்டில் வகையான பேப்பர்வைட் 160 டொலர், கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் கிளாரா பிடபிள்யூ 130 டொலராக இருந்தது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே ஆகக் குறைந்தது 33,000 ரூபாய். வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். தோட்டத்துக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆகவே வாங்குவதற்கு முன் போனில் கிண்டில் செயலியையோ வேறு ஈபப் செயலியையோ போட்டு ஒரு மாதம் படித்துப் பாருங்கள். இரண்டு புத்தகமாவது முடிக்க முடிந்ததா? அப்படியென்றால் கருவிக்குச் செலவழிப்பது வீண்போகாது.

தமிழ் படிப்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாதது திரையின் நுண்மை. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று கணக்கிடுவார்கள். இன்றைய நல்ல கருவிகளில் 300. பழைய மலிவுக் கருவிகளில் 167 தான். ஆங்கிலத்துக்கு 167 போதும் என்று சொல்லிவிடலாம், நம் எழுத்துக்குப் போதாது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி, கி-யையும் கீ-யையும் பிரிக்கும் சின்னச் சுழி, ணு, னு, ஞூ போன்றவற்றின் வளைவு எல்லாம் சிறிய அளவில் கலங்கிவிடும். 2019-இன் அடிப்படைக் கிண்டில் 167. 2022-இல் வந்ததில் இருந்து 300. பாவித்த கருவி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது திரை விளக்கு. ஓரத்தில் உள்ள சிறு எல்ஈடிகள் திரையின் மேற்பரப்பில் ஒளியைப் பரப்பும், முகத்தில் அடிக்காது. ஒரே பல்ப் எரியும் லயத்து அறையில் மற்றவர்கள் தூங்கும்போது படிக்க இது இல்லாமல் முடியாது. விளக்கில்லாத பழைய கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

நீர்காப்பு இருந்தால் நல்லது. பேப்பர்வைட் வகையில் 2018 முதல் உண்டு: இரண்டு மீற்றர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் தரம். அடிப்படைக் கிண்டிலில் கிடையாது. பனிமூட்டமும் தூறலும் வருசத்தில் பாதி நாள் இருக்கும் ஊரில் இதற்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. முடியாவிட்டால் ஜிப் பூட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்று போதும். நுவரெலியாக் குளிருக்கு இது வேலை செய்யுமா என்றும் கேட்கிறார்கள். செய்யும், கிண்டிலுக்கு நிறுவனம் சொல்லும் எல்லை 0 முதல் 35 பாகை செல்சியஸ். கடும் குளிரில் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திரும்பும், அவ்வளவுதான். நிறத் திரைக்கும் கூடுதல் கொள்ளளவுக்கும் காசை விடாதீர்கள். 16 ஜீபியில் ஒரு ஆயுளுக்குப் போதுமான கதைப் புத்தகங்கள் அடங்கும்.

கிண்டிலா கோபோவா? கிண்டிலில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது, கடையிலும் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. தொடங்குகிறவருக்கு அதுதான் சுலபம். கோபோ ஈபப்பை நேரடியாகத் திறக்கும், எந்த ஒரு கடைக்கும் உங்களைக் கட்டிப்போடாது. ஆனால் நோட்டோ தமிழ் போன்ற எழுத்துருவை நீங்களே அதன் எழுத்துருக் கோப்புறையில் போட வேண்டிவரலாம். எதை வாங்கினாலும், வாங்கும் இடத்திலேயே ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி கொழுந்து, தோட்டம், கௌரவம் போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டியிருந்தாலோ, பக்கத்தில் புள்ளிவட்டம் தெரிந்தாலோ அந்தக் கருவிக்குத் தமிழ் சரியாகத் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தருவதுதான் பலருக்கு வழி. அப்படி வரும் கருவி பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதை வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாவித்த கருவி என்றால், பழைய சொந்தக்காரரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா, உங்கள் கணக்கை ஏற்கிறதா என்று கண்முன்னே பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

புத்தகம் ஏற்றுவது

முதல்முறை இணைக்கும்போது கருவி தன் மென்பொருளைப் புதுப்பிக்கப் பார்க்கும். அது சில நூறு எம்பி இழுத்துவிடும். ரீலோட் போட்ட டேட்டாவில் அதைச் செய்யாமல், வைஃபை உள்ள நண்பர் வீட்டிலோ வேலைத்தலத்திலோ செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு டேட்டாச் செலவு ஒன்றுமே இல்லை எனலாம். படம் இல்லாத தமிழ்க் கதைப் புத்தகம் ஈபப்பில் பெரும்பாலும் ஒரு எம்பி, இரண்டு எம்பிதான். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் பத்து மடங்கு, இருபது மடங்கு கனக்கும்.

போனின் ஹொட்ஸ்பொட் ஈ-ரீடரில் தெரியவே இல்லையென்றால், பழைய கருவிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பது காரணமாக இருக்கலாம். போனில் ஹொட்ஸ்பொட் அமைப்பைத் திறந்து 5-இல் இருப்பதை 2.4-க்கு மாற்றுங்கள். பெரும்பாலும் உடனே தெரியும்.

கிண்டிலுக்குச் சொந்தப் புத்தகம் அனுப்ப "சென்ட் டு கிண்டில்" என்ற வசதி இருக்கிறது. கருவியைப் பதிவு செய்ததும் அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். உங்கள் மின்னஞ்சலை அமேசான் கணக்கில் அனுமதித்துவிட்டு அந்த முகவரிக்குக் கோப்பை இணைத்து அனுப்பினால் போதும். 2022 முதல் ஈபப்பையும் ஏற்கிறது. இதில் நமக்கு வசதியான ஒன்று: சிக்னல் உள்ள இடத்தில் போனில் இருந்து அனுப்பிவிடலாம், கருவி கையில் இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அது வைஃபையைத் தொடும்போது தானாக இறங்கிக்கொள்ளும். கொழும்பில் வேலை செய்யும் மகன், தோட்டத்தில் இருக்கும் அப்பாவின் கிண்டிலுக்கு இப்படியே புத்தகம் அனுப்பலாம்.

கம்பியிலும் ஏற்றலாம். ஆனால் கணினியில் இருந்து ஈபப்பை யூஎஸ்பி மூலம் கிண்டிலுக்குள் அப்படியே போட்டால் அது பட்டியலில் தெரியாது. காலிபர் என்ற இலவச மென்பொருளில் கிண்டிலின் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் போட வேண்டும். கோபோவுக்கு இந்த வேலை இல்லை.

விலைக்கு வாங்குவதானால், வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் கிண்டில் புத்தகம் கடையில் வாங்கிய புத்தகத்தைப் போல முழுதும் உங்களுடையது ஆகிவிடாது. படிக்கும் உரிமைதான் கிடைக்கிறது. 2009-இல் உரிமைச் சிக்கல் வந்த இரண்டு நூல்களை அமேசான், வாங்கியவர்களின் கருவிகளில் இருந்து தூரத்தில் இருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், அழிக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. 2025 பெப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே நான் சொல்வது: உரிமம் திறந்த ஈபப்களை ஒரு பென் டிரைவில் தனியாகச் சேர்த்து வைத்திருங்கள். பேப்பர் புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும் நம் வீடுகளில் அந்தச் சேமிப்புக்குப் பெறுமதி உண்டு.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மின்மைத் திரைகள் பலவற்றில் உள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. கீழே விழுந்து உடைவதைவிட, நெரிசலான பஸ்ஸில் பைக்குள் அமுங்கி உடைவதுதான் அதிகம். கெட்டி அட்டை உறை போட்டுவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜில் வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் படிக்காமல் வைப்பதானால் பெட்டரியைப் பாதிக்கு மேல் ஏற்றி வையுங்கள். ஒருநாள் தம்பிக்கோ பாடசாலை வாசிகசாலைக்கோ கருவியைக் கொடுக்க நினைத்தால், அமைப்புகளுக்குள் போய் உங்கள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அழுத்தும் ஒவ்வொரு "வாங்கு" பொத்தானுக்கும் காசு உங்கள் அட்டையில் இருந்து போகும்.